கொட்டாவி ஸ்டிக்கருக்கு எதிராக ஒரு விதி

தயவுசெய்து இதை நம் வகுப்பு குரூப்புக்கு வெளியே யாருக்கும் காட்டாதீர்கள். ஸ்க்ரீன்ஷாட் வேண்டவே வேண்டாம். நைனா, அதான் என் அப்பா, படுத்த பிறகு, உள்ளறையில் விளக்கை அணைத்துவிட்டு எழுதுகிறேன்.

போன வாரம் ஆன்லைன் கணக்கு வகுப்பில் நான் கொட்டாவி விட்டதை யாரோ படம் பிடித்து ஸ்டிக்கராக்கிவிட்டார்கள். அது குரூப் குரூப்பாகச் சுற்றுகிறது. நைனா கண்ணில் பட்டால் அன்றோடு வகுப்பு நின்றுவிடும். சிங்கவரத்திலிருந்து மாலையில் செஞ்சிக்கு டியூஷன் போகவும் விடமாட்டார். எனக்கு இருப்பது இந்த வகுப்பு மட்டும்தான்.

இன்று மிஸ், "நம்ம கிளாஸ்ல எப்படிப் பேசிக்கணும்னு ஆளுக்கொரு ரூல் சொல்லுங்க" என்றார்.

"சும்மா ஹாய் ஹாய்னு மெசேஜ் போடக்கூடாது மிஸ்" என்றாள் ஒருத்தி.

நான் மைக்கைத் திறந்தேன்.

"யாரு மூஞ்சியையும் கேக்காம ஸ்டிக்கர் பண்ணக்கூடாது மிஸ்."

"ஜாலிக்குத்தான மிஸ், இதுக்கு இன்னாத்துக்கு டென்ஷன்?" என்றான் தினேஷ்.

"அப்ப உன் மூஞ்சிய இப்ப எடுக்கட்டா?" என்றேன்.

உடனே கேமராவை அணைத்துவிட்டான். மிஸ்ஸே சிரித்துவிட்டார்.

ஆனாலும் நாளை ஓட்டெடுப்பு. பாதிப் பேராவது கை தூக்கினால்தான் அது விதியாகுமாம். யாரும் தூக்காவிட்டாலும் நான் தூக்குவேன். கேமராவையும் அணைக்கமாட்டேன்.

அந்த ஸ்டிக்கரைப் பார்த்து நீங்களும் சிரித்தீர்கள் என்று தெரியும். பரவாயில்லை, கணக்கு வகுப்பில் உங்களுக்கும் கொட்டாவி வரும். நாளை யாரெல்லாம் கை தூக்குவீர்கள்? கீழே சொல்லுங்கள், நான் இப்போதே எண்ணி

கதவு தட்டும் சத்தம். நைனா