ரபிக் பெயரில் ஓர் அர்ச்சனை

மலேசியாவின் கிள்ளான் பாசாரில் காலையில் நாங்கள் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது, கழுத்துச் சங்கிலிக்காக இரண்டு பேர் என் கணவரைப் பாராங் கத்தியால் வெட்டினார்கள். முதல் வெட்டில் தோள் பிளந்து எலும்பு தெரிந்தது. அடுத்த வெட்டு தலைக்கு வந்தபோது, மீன்கடையில் வேலை செய்யும் வங்காளதேசத்துக்காரர் ரபிக் குறுக்கே கையை நீட்டினார். அவருடைய இரண்டு விரல்கள் துண்டாகி, மீன் அடுக்கியிருந்த ஐஸில் விழுந்தன. என் சேலையெல்லாம் ரத்தம். முருகா, முருகா என்று கதறினேன்.

ஆஸ்பத்திரிக்குத் தமிழ்ப் பத்திரிகை நிருபர் வந்து என் கணவரைப் படம் எடுத்தார்.

"பக்கத்துக் கட்டில்ல இருக்கிறவரையும் எடுங்க அண்ணே. அவருதான் காப்பாத்துனாரு."

"நம்ம ஜனங்க நம்ம ஆளத்தான் தேடிப் படிப்பாங்க அக்கா. பங்களாதேஷ் ஆளைப் போட்டா யாரு பார்ப்பா லா?"

எனக்கு ஆத்திரம் பொங்கியது. கடையில் தமிழ் பழகிய ரபிக்கோ சிரித்துக்கொண்டே கைப்பேசியை நீட்டினார். அவர் நாட்டுச் செய்தித்தளத்தில் அவர் படம் பெரிதாக வந்திருந்தது.

"எங்க வீட்டுக்காரரு பேரு இருக்கா தம்பி?"

"இல்ல அக்கா. ஒரு கிழவன்னு போட்டிருக்கு. அங்க அண்ணன யாருக்குத் தெரியும்?"

நான் நிருபரிடம் திரும்பினேன். "இவரு பேரு வராட்டி எங்க படமும் வேணாம்."

மறுநாள் எங்கள் செய்தியே வரவில்லை.

எது செய்தி என்று நாட்டுக்கு நாடு அவரவர் முடிவு செய்துகொள்ளட்டும். என் தாலி யாரால் நிலைத்தது என்பது எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை கோயிலில் குருக்கள் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார்.

"ரபிக், சாமி. நட்சத்திரம் தெரியாது."

நிமிர்ந்து என்னைப் பார்த்தவர், ஒன்றும் கேட்காமல் அந்தப் பெயரை முருகன் முன்னே உரக்கச் சொன்னார்.