சிம்பான் பண்ணிய காற்று

செமோர் தாண்டி, சுண்ணாம்பு மலையடியில் ஓர் ஒட்டுக்கடை. மண்டையைப் பிளக்கும் வெயில். ஆனால் வாசலில் நிற்கும் டேங்கர் லோரியின் குழாயில் வெள்ளை வெளேரென்று பனி உறைந்திருக்கிறது. ஆசையாக விரலை நீட்டுகிறேன்.

“தொடாதீங்க அண்ணே! தோலு ஒட்டிக்கும் லா!” மேசையிலிருந்து கத்துகிறார் லோரி ஓட்டும் சேகர்.

ஆரஞ்சு சோடாவை வாங்கிக்கொண்டு அவர் எதிரில் உட்காருகிறேன். “உள்ளே இருப்பது பாலா, எண்ணெயா?”

“காத்து லா.”

பக்கத்துச் சுண்ணாம்புச் சூளையின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுத்து, அழுத்திக் குளிரவைத்துத் திரவமாக்கி இவர் டேங்கில் ஏற்றுகிறார்களாம்.

“இத கடலுக்கடியில சிம்பான் பண்ணி, பத்திரமா சேத்து மூடி வச்சிட்டா, வெளிய வராது, உலகம் சூடாவாதுன்னாங்க. லூமுட் துறைமுகத்துல கப்பல் ஏத்தணும்னு பேச்சு. நானும் அந்த ரூட்டக் கேட்டு வச்சிருக்கேன், வரும்போது மீன் வாங்கிட்டு வரலாம்.”

“போகவில்லையா?”

“பொதைக்கணும்னா எங்க முதலாளி காசு கட்டணும். இன்னொருத்தன் காசு குடுத்து வாங்கிக்கிறான். நீங்களா இருந்தா யாருக்கு அனுப்புவீங்க?”

“யார் அந்த இன்னொருத்தன்?”

சேகர் என் சோடாப் போத்தலைக் காட்டுகிறார். “கேஸ் தண்ணி கம்பெனி.”

அந்த நேரம் பார்த்து எனக்குப் பெரிய ஏப்பம் ஒன்று வருகிறது. அடக்க முடியவில்லை.

சேகர் தலையில் கை வைத்துக்கொள்கிறார். “போச்சு லா! அவ்ளோ பெரிய மெஷினு வச்சுப் புடிச்சாங்க. நீங்க தொறந்து விட்டுட்டீங்களே அண்ணே!”