கம்பெனிக்காக என் கையெழுத்து

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில், பாகூரில் மணிலாக்கொட்டை வியாபாரம் செய்த கம்பெனி ஒன்றில் நான் கணக்குப்பிள்ளையாக இருந்தேன். முதலாளி முஸ்லிம், எல்லோருக்கும் அவர் பாய்தான். கண்ணில் புரை விழுந்து எழுத்து தெரியாமல் போனதும், என்னைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போய் பத்திரம் பதியும் நொத்தேர் முன்னால் எழுதிவைத்தார். கம்பெனி சார்பில் இனி அவரும் நானும் மட்டும் கையெழுத்திடலாம். மாதிரிக்கு ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

வீட்டில் பெருமையாகச் சொன்னபோது என் மனைவி, "வேற யாரோ தப்பு பண்ணாக்கூட உங்களத்தான புடிப்பாங்க?" என்றாள்.

கிடங்கைப் பார்த்துக்கொண்டவன் பாயின் தங்கை மகன். கையெழுத்து உரிமை தனக்கு வரவில்லை என்று என்னோடு சரியாகப் பேசுவதையே விட்டுவிட்டான்.

ஒருமுறை கொள்முதலுக்காக வில்லியனூர் போய்விட்டுத் திரும்பினேன். கிடங்கில் போலீஸ் அதிகாரி உட்கார்ந்திருந்தார்; பக்கத்தில் பாயும் அவர் மருமகனும் வண்டிக்காரனும் நின்றிருந்தார்கள். குருவிநத்தத்தைத் தாண்டி, இங்கிலீஷ் எல்லைச் சுங்கச் சாவடியில் எங்கள் வண்டி பிடிபட்டிருந்தது. மூட்டைகளுக்கு அடியில் சாராய டின்கள். சரக்குச் சீட்டில் 'கம்பெனிக்காக' என்று எழுதி, கீழே என் கையெழுத்து.

"உம்ம கையெழுத்துதானே?"

பார்த்தேன். கடைசி எழுத்தின் சுழி வரைக்கும் என்னுடையதே. "நான் போடலீங்க" என்றேன்.

வெள்ளைத் தாளை நகர்த்தினார். "போட்டுக் காட்டும்."

அவசரமாகப் போட்டேன். பேனா முள் தாளில் மாட்டி, எழுத்து கோணிப்போனது. நொத்தேரிடமிருந்து கொண்டுவந்திருந்த மாதிரியைப் பக்கத்தில் வைத்தார். கள்ளக் கையெழுத்து அதோடு அச்சாகப் பொருந்தியது. நான் அப்போது போட்டதுதான் பொய் போலக் கிடந்தது.

"இதுல எது கள்ளம்னு நீரே சொல்லும்."

மருமகன் என் முகத்தைப் பார்க்காமல், "வில்லியனூர் போறதுக்கு முன்னாடியே போட்டுக் குடுத்துட்டுத்தான் போனாருங்க" என்றான்.

பாயைப் பார்த்தேன். சம்பளத்துக்கு இருக்கும் ஒருவனுக்காகச் சொந்தத் தங்கை பிள்ளையை யார் காட்டிக்கொடுப்பார்கள்? அந்த நினைப்பு அதிகாரியைவிட அதிகமாக என்னைப் பயமுறுத்தியது.

பாய் அதிகாரியின் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"ஐயா, அந்தச் சீட்டுல இன்னா இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. கண்ணு போச்சு. காது நல்லா கேக்குது. வண்டி ஏத்தறப்ப, 'டின்னு சத்தம் வராம வைடா'ன்னு இவன்தான் சொன்னான். எண்ணெ டின்னுன்னு இருந்துட்டேன். கம்பெனிக்குக் கையெழுத்துப் போட இவனுக்கு உரிமை இல்லீங்க."

"மாமா" என்றான் அவன். வண்டிக்காரனைக் கேட்டதும், சீட்டைக் கொடுத்தது மருமகன்தான் என்று சொல்லிவிட்டான். மருமகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பாயின் தங்கை அண்ணன் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்.

சில நாள் கழித்து, பத்திரத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். "பயமா இருக்குது பாய்."

"எனக்குந்தான்பா. வேற யார நம்பறது?"

என் பெயர் பத்திரத்திலேயே இருந்தது. அதன்பின் ஒவ்வொரு மூட்டையையும் இறக்கிப் பார்க்காமல் எந்தச் சீட்டிலும் நான் கையெழுத்திட்டதில்லை. ஆட்கள் முணுமுணுத்தார்கள், இருந்தும் இறக்கச் சொன்னேன்.

தண்டனை முடிந்து சிறையிலிருந்து வந்த மருமகன் ஒரு பகலில் கிடங்கு வாசலில் நின்றான். "அண்ணே, மாமா இருக்காரா?" என்னை அவன் அண்ணே என்றது அதுதான் முதல்முறை. உள்ளே கையைக் காட்டினேன். என்ன பேசிக்கொண்டார்களோ, மறுநாள் அவன் தராசுக்குப் பக்கத்தில் நின்று மூட்டைகளை நிறுத்துக்கொண்டிருந்தான்.