பஸ்ஸில் இடம் கொடுத்த பங்காளி

நான் கேஸ் போட்ட நாள்லேர்ந்து என் மூஞ்சியையே பார்க்காத பெரியப்பா புள்ள, இன்னிக்கு நசரத்பேட்டை பஸ்ல நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தான்.

“குந்து நைனா. கோர்ட்ல உன் பேரை மூணு தபா கூப்ட்டாங்கோ. நீயும் வரல, உன் வக்கீலும் வரல. கேஸ் தள்ளுபடி.”

இந்தத் தடவையும் வாய்தாதானேன்னு நான் அம்பத்தூர்ல ஷிப்ட் பார்த்துக்கினு இருந்தேன்.

அவன் நிலத்து வழியா என் ஊட்டுக்குப் போற பாதைக்குத்தான் கேஸே. வேற பாதை கிடையாது.

“நாளைக்கு வேலி போடறேன்”னு சொல்லிட்டு, எனக்கும் சேர்த்து அவனே டிக்கெட் எடுத்தான்.

விடியறதுக்குள்ள என் பொண்டாட்டி, புள்ளைங்க, எருமை எல்லாம் பறக்கக் கத்துக்கணும். தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா வந்து சொல்லிக் குடுங்க.