குளச்சலில் ஒரு வெள்ளிக்கிழமைப் போராட்டம்

2019. குளச்சல் பேருந்து நிலையத்தில் நாகர்கோவில் பஸ்ஸுக்காக நிற்கிறேன். எதிரே பள்ளிச் சீருடையில் சில பெண்கள் வகுப்புக்குப் போகாமல் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘பூமி சூடாகிறது, கடல் எங்கள் வீட்டுக்குள் வருகிறது’ என்று எழுதிய அட்டையைப் பிடித்திருப்பவளிடம் போய்க் கேட்கிறேன்.

“வீட்டுல திட்டமாட்டாங்களா?”

“எதுக்கு அக்கா? போன ஆடியில எங்க முன்னறைய கடலு கொண்டு போச்சுல்லா. அம்மைதான் இத எழுதித் தந்தா. அன்னா நிக்கா, பாருங்க.”

மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு, அவள் அம்மா எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இவள் வயதில் நானும் எங்கள் ஏரிக்காக ஓர் ஊர்வலத்தில் நடந்தேன். வீடு திரும்பியதும் அம்மா அறைந்தாள். முன்னறையைக் கடலுக்குக் கொடுத்த பெண்ணைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? எனக்கு வயிறு எரிகிறது.

அந்த அம்மா எனக்கும் தம்ளரை நீட்டுகிறாள். தாகமாகத்தான் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொள்கிறேன்.