டீ குடித்தால் அரை மணி நேரம்

பிரஷர் பார்க்கும் கருவியின் பட்டையைக் கையில் சுற்றும்போதெல்லாம் எனக்கு இஞ்சி டீ வாசனை அடிக்கும். இந்த மந்தைவெளி வீட்டில் அடுப்பே பற்றவைக்காத நாளிலும் அடிக்கும். கூடவே ஒரு சின்னக் கண்ணாடி டம்ளரும், அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு எட்டாவது மாடியில் என் எதிரே உட்கார்ந்து சிரிக்கும் மீன்கார அக்காவும் வந்துவிடுவார்கள்.

வேலைக்காலம் முழுக்க நான் நர்ஸ். விதி என்றால் எனக்கு விதிதான், அதில் சலுகை கிடையாது. பிரஷர் பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் இரண்டும் தரையில் பட வேண்டும். டீயோ காபியோ குடித்திருந்தால் அரை மணி நேரம் கழித்துத்தான் பட்டையைச் சுற்றலாம். மயிலாப்பூரில் எங்கள் கிளினிக்கை நடத்திய டாக்டர் மேடம் ஓர் ஆய்வைத் தொடங்கியபோது என்னை அதில் போட்டதே இந்தப் பிடிவாதத்துக்காகத்தான். அடையாற்றங்கரைக் குடிசைகளை எடுத்துவிட்டு, அங்கிருந்தவர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளில் குடிவைக்கப் போகிறார்கள் என்று தெரிந்திருந்தது. போவதற்கு முன் அவர்கள் பிரஷர் எப்படி, போன பிறகு எப்படி என்று பார்த்து, இடம் மாற்றினால் உடம்பு படும் பாட்டை அதிகாரிகள் முன் வைக்க வேண்டும் என்று மேடம் ஆசைப்பட்டார். "வாயால சொன்னா கேக்க மாட்டாங்க. நம்பர காட்டினா ஒருவேளை பார்ப்பாங்க" என்பார்.

ஆற்றங்கரையில் அந்த ஐந்து நிமிட அமைதி எனக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை. அக்கா ஆழ்வார்பேட்டைத் தெருக்களில் மீன் விற்றுவிட்டு வந்து கூடையை இறக்குவதற்குள் அக்கம்பக்கம் மொத்தமும் வாசலில் கூடிவிடும். "எனக்கும் பாரு" என்று ஒருத்தி கையை நீட்டுவாள். குழாயடியில் யாரோ யாரையோ திட்டுவார்கள். ஒரு கோழி என் பையைக் கொத்தும். நான் எல்லோரையும் விரட்டுவேன். அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். "நீ கத்தற கத்துல உனுக்குத்தான் ஏறப் போவுது நர்சம்மா. உடு, அவுங்க பாட்டுக்கு பேசிகினு இருக்கட்டும்." இத்தனை கூச்சலிலும் அவளுக்குப் பிரஷர் கொஞ்சம்தான் கூடுதலாக இருக்கும். மாத்திரைகூடத் தேவைப்படவில்லை.

பிறகு அவர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அக்காவுக்குக் கிடைத்தது எட்டாவது மாடி. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. மோட்டார் தள்ளும் தண்ணீர் மேல்மாடிகளுக்கு ஏறவில்லை. மேடம் அழைத்து வந்த இன்ஜினியர் ஒவ்வொரு மாடிக் குழாயிலும் மீட்டரை மாட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டே ஏறினார். "கொழாவுல பிரஷர் இல்ல சார். அத்தயும் சேத்து எனக்கு ஏத்தி உட்டுட்டாங்க" என்றாள் அக்கா. அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கிருந்து பஸ் பிடித்துக் கடற்கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் மீன் ஏலம் முடிந்துவிடும் என்பதால் வியாபாரமும் நின்றுபோயிருந்தது. புருஷன் எப்போதோ போய்விட்டார். லோடு ஆட்டோ ஓட்டிய மகன் ஊருக்குள்ளேயே படுத்துக்கொண்டு எப்போதாவது வருவான். பழைய அக்கம்பக்கத்தை எந்தெந்தக் கட்டடத்திலோ பிரித்துப் போட்டிருந்தார்கள். நீளமான நடைபாதையில் இரண்டு பக்கமும் கதவுகள், எல்லாம் சாத்தியிருக்கும். நான் கெஞ்சிக் கேட்ட அமைதி அங்கே கொட்டிக் கிடந்தது. முதல் தடவை பட்டையைச் சுற்றிப் பார்த்தபோது எண் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது, நம்பாமல் இன்னொரு தடவை சுற்றினேன். மேடம் மாத்திரை கொடுத்தார், கூட்டினார். பிரஷர் இறங்குவதாக இல்லை. இப்படியே விட்டால் பக்கவாதம் வந்துவிடும் என்று பயந்தார்.

இந்த நிலையில் அக்கா டீ குடிக்க ஆரம்பித்தாள். மாதாமாதம் நான் போகும்போதெல்லாம் கையில் டம்ளர் இருக்கும், அப்போதுதான் கடைசி வாய் உள்ளே போயிருக்கும். வேறு வழியில்லாமல் அரை மணி நேரம் காத்திருப்பேன். ஒரு நாள் பொறுமை போய்ச் சத்தம் போட்டேன். "எத்தனை தடவை சொல்றது? நான் வர்ற நேரத்துலதான் குடிக்கணுமா?" அக்கா என்னைப் பால்கனிக்குக் கூட்டிப்போய்க் கீழே காட்டினாள். பஸ் நிறுத்தம் தெரிந்தது.

"நீ எறங்கறத பாத்துட்டுதான் அடுப்புல வெச்சேன். டீ குட்ச்சா அர மணி நேரம் குந்தணும்னு நீதான சொன்ன? அளந்துட்டா நீ பூடுவ." பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "காலைலேர்ந்து இந்த வாயி தொறக்கல நர்சம்மா. வந்ததும் வராததுமா அஞ்சு நிமிசம் பேசாத குந்துன்ற."

அன்றிலிருந்து அவள் டீ குடித்தால் நான் திட்டவில்லை, எனக்கும் ஒரு டம்ளர் கேட்டேன். அந்த அரை மணி நேரத்தில் ஆழ்வார்பேட்டை முழுக்க எட்டாவது மாடிக்கு வந்துவிடும். செவுளைத் திறந்து பார்க்காமல் மீன் வாங்காத வக்கீல் வீட்டம்மா வருவார். மாமியார் கோயிலுக்குப் போகும் நாள் பார்த்து வஞ்சிரம் வாங்கும் மருமகள் வருவாள். அக்கா குரலை மாற்றி மாற்றிப் பேசிக் காட்டுவாள். பேசி முடித்து, சமர்த்தாக ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு கையை நீட்டுவாள். பட்டை இறுகும்போது மறு கையை என் கைமேல் வைத்துக்கொள்வாள். பேசிய நாளில் எண் கொஞ்சம் இறங்கியே இருந்தது. அது மருந்தா பேச்சா என்று ஆய்வில் எழுத இடமில்லை என்றார் மேடம்.

ஆய்வின் கடைசிச் சுற்றுக்குப் போனபோது வீட்டில் டீ வாசனையே இல்லை. அக்கா நாற்காலியில் சாய்ந்து, பாதம் இரண்டையும் தரையில் ஊன்றி, கையை மேசைமேல் நீட்டி வைத்திருந்தாள். "கடேசி தபாதான? எட்த்துக்கோ. உனுக்கு பஸ்ஸு பூடும்." நான் கருவியை வெளியே எடுக்கவில்லை. சமையல்மேடைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்து இஞ்சியைத் தட்டிப்போட்டேன். "டீ குடிக்காம நான் அளக்க மாட்டேன்" என்றேன். அக்கா சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அதன் பிறகும் ஆய்வு கீய்வு எதுவும் இல்லாமல் போய்வந்துகொண்டிருந்தேன். ஒரு மழைக்காலத்தில் போனபோது வீடு பூட்டியிருந்தது. எதிர்க் கதவை நீண்ட நேரம் தட்டிய பிறகு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "அந்தக் கடைசி வூட்டம்மாவா? ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனாங்க. செத்துட்டாங்கன்னு சொன்னாங்க" என்றாள். அக்காவின் பெயர் அவளுக்குத் தெரியவில்லை. மேடத்தின் அறிக்கை எந்த மேசையில் தூங்குகிறதோ, அதுவும் எனக்குத் தெரியாது.

இப்போது எனக்கே பிரஷர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மா இருந்தவரை அம்மா துணை. ஓய்வு பெற்றபின் சில நாட்களில் காலையிலிருந்து இருட்டும்வரை பேச ஆள் இருக்காது. சாயங்காலம் பால் பாக்கெட் வாங்கப் போனால் என் குரலே எனக்குக் கரகரவென்று கேட்கும். வீடு தேடி வந்து மாத்திரை தரும் சுகாதாரப் பணியாளர் மாதம் ஒரு முறை வருவாள். நல்ல பெண், கெட்டிக்காரி, இன்னும் பத்து வீடு ஏற வேண்டிய அவசரம். "அம்மா, அஞ்சு நிமிஷம் பேசாம உக்காருங்க" என்பாள், பட்டையைச் சுற்றுவாள், எழுதுவாள், செருப்பை மாட்டிக்கொள்வாள்.

நேற்று தெருமுனையில் அவள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பாலை அடுப்பில் வைத்தேன். அவள் படியேறி வந்து மேசையில் கருவியைப் பிரிக்கும்போது நான் டம்ளரைக் காலி செய்திருந்தேன்.

"என்னம்மா, இப்பதான் டீ குடிச்சீங்களா?"

"ஆமாம்மா. அரை மணி நேரம் ஆகும்" என்றேன். "உட்காரு. உனக்கும் போட்டிருக்கேன்."