வாயில் கவ்விய காப்பி இலை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் பெரும்பாறை காப்பித் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. கடல் கலங்கிக் கிடக்கும் மாதங்களில், தூத்துக்குடியில் சங்கு குளிக்கும் ஒருவர் எங்களிடம் மூட்டை சுமக்க வருவார். ஒல்லியான ஆள், நெஞ்சு மட்டும் பீப்பாய். உதடுகளில் ஒரு காப்பி இலையைக் கவ்விக்கொண்டு, மூக்கால் மட்டும் மூச்சுவிட்டபடி மேடேறுவார். மூச்சைப் பழக்கத்தான் மலைக்கே வருவதாகச் சொல்வார்.

ஒருநாள் உச்சிக்குப் பத்தடி இருக்கும்போது இலை விழுந்துவிட்டது. மூட்டையோடு அடிவாரம்வரை இறங்கி, புது இலையோடு மறுபடி ஏறி வந்தார்.

"பத்தடிதானே கெடந்துச்சு, இங்க யாருண்ணே பாக்கப்போறா?" என்றேன்.

"கடலுக்கடியிலயும் பாக்க ஆளில்லீங்க. அங்க வாயத் தொறந்தா அம்புட்டுதான்."

மறுநாள் ஆளில்லாத நேரத்தில், வெறுங்கையோடு, நானும் ஓர் இலையைக் கவ்விக்கொண்டு அந்த மேட்டில் ஏறினேன். பாதியில் விழுந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு, குனிந்து எடுத்து மறுபடி வாயில் வைத்துக்கொண்டு மேலே நடந்தேன்.